பிராட்லி குடும்பத்தின் கேடயம்

தொண்ணூறுகளின் கடைசியில், டெக்சாஸில் இர்விங்கில் குடியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை ஷாப்பிங் மாலில் நடந்தது இது. நான்காம் வகுப்பில் இருந்த என் மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம்: தன் குடும்பப் பெயரின் வரலாற்றைத் திங்கட்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? விசா விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே என்று என் அப்பாவின் பெயரை எழுதி வைத்தேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னை விரட்டுகிறார்கள். என் மனைவியோ தன் மாமனார் பெயருக்கு மிஸஸ் ஆகிவிட்டாள்.

மாலின் நடுவே ஒரு சின்னக் கடை. பெயரைச் சொன்னால் கம்ப்யூட்டரில் தட்டி, பழுப்பேறியது போன்ற காகிதத்தில், குடும்பச் சின்னமாக ஒரு கேடயம், சிங்கம் சகிதம் குடும்ப வரலாற்றை அச்சடித்துத் தருவார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற நடுத்தர வயதுக் கறுப்பினப் பெண்மணி "பிராட்லி" என்றார். உடனே வந்தது: பிராட்லி என்றால் காட்டைத் திருத்திய அகன்ற வெளி, இங்கிலாந்தின் ஊர்ப் பெயர்களிலிருந்து வந்தது, வம்சத்தில் வீரர்கள் உண்டு.

அவர் ஓரமாக நின்று அதைப் படிக்க, எங்கள் முறை. கடைக்காரர் என் அப்பா பெயரை விதவிதமாகத் தட்டிப் பார்த்தார்.

"ஸாரி சார். உங்க பேருக்கு ஹிஸ்டரி இல்ல."

மகள் முகம் சுண்டிவிட்டது. "ஐ டோல்ட் யூ, அப்பா. எவ்ரிபடி ஹேஸ் ஒன் எக்ஸெப்ட் மீ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கடையில் பாப்கார்ன் பொரிக்கிற வேகத்தில் சரித்திரம் பொரிக்கிறவன் சொல்கிறான், எனக்குச் சரித்திரம் இல்லையாம்! "எங்களுக்கும் பட்டம் உண்டு, நிலபுலத்தோடு வாழ்ந்த குடும்பம்" என்று அவனிடம் உரக்க ஆரம்பித்தேன். அந்தப் பட்டம் வேறொன்றுமில்லை, எங்கள் சாதிப் பெயர். என் அப்பா கல்லூரி நாட்களிலேயே வெட்டி எறிந்தது.

அதை நான் உச்சரிப்பதற்குள் அந்தப் பெண்மணி தன் காகிதத்தைக் கடைக்காரர் முன் வைத்தார்.

"இது எங்க கதை இல்ல. எங்க கொள்ளுத்தாத்தாவை அடிமையா விலைக்கு வாங்கித் தன் பேரை வெச்சவனோட கதை. அதையும் ஒரு வரி சேர்த்து அடிச்சுக் குடுங்க."

"அதுக்கெல்லாம் இதுல இடம் இல்ல, மேம். பாருங்க, எவ்வளவு கௌரவமான பேரு!"

"கௌரவத்துக்கு என்ன குறைச்சல்! அவன் நிலத்துல வேலை செஞ்சது யாருன்னுதான் ஒரு வார்த்தை இல்ல."

கேடயம் போட்ட காகிதத்தை அங்கேயே விட்டார். என் மகளின் தோளைத் தட்டி, "இது இல்லேன்னு அழாதே, கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாக்கு நுனியில் நின்ற பட்டத்தை விழுங்கினேன். எங்கள் வயலில் குனிந்து நின்றவர்கள் யார் என்பது எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமலே எனக்குத் தெரியும்.

காரில் திரும்பும்போது ஃப்ரீவேயில் மகள் மெல்லக் கேட்டாள்: "ஸோ வாட் டூ ஐ ஸே?" தாத்தா பட்டத்தைத் துறந்ததையும், அந்தக் கோபத்தில் சொந்தக்காரர்கள் அவர் கல்யாணத்துக்கே வராததையும் சொன்னேன். "ஹி ஜஸ்ட் கட் இட் ஆஃப்? கூல்!" என்றாள். திங்கட்கிழமை அதையே வகுப்பிலும் சொல்லியிருக்கிறாள். உங்கள் குடும்பத்துக் கேடயம் எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, தாத்தா தூக்கிப் போட்டுவிட்டார் என்றாளாம்.

அந்தக் கடைக்காரன் மேல் எனக்கு இன்றும் கோபம் தணியவில்லை. ஆனால் அவனை ஜெயிக்க நான் எதைக் கையில் எடுக்கப் போனேன் என்று நினைக்கும்போதெல்லாம், அதைவிடப் பெரிய கோபம் என் மேல்தான் வருகிறது.