மே மாசத்தில் ஒரு ஹீட்டர்

கார் எலக்ட்ரீஷியன் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. பழைய வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, கழுத்து பிடித்துக்கொண்டு வெளியே வந்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் மேலே படியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

வெயிலில் வந்த கேஸ்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூரில் என் கடை. தார் உருகும் ஒரு மத்தியானத்தில், அந்தக் காலத்துக் கிரீம் கலர் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் இசக்கிமுத்துவும் அவர் மனைவி ஜெயந்தியும். சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள், இருங்காட்டுக்கோட்டையில் வாடகை ரூமில் குடித்தனம். "ஹீட்டர் சுவிட்சு வேலை செய்யலண்ணே" என்றார் இசக்கி. பக்கத்து டீக்கடை மாஸ்டர் கன்னியப்பன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ தளும்பியது. "இன்னாபா, இந்த வெயில்ல ஹீட்டரு இன்னாத்துக்கு?"

சிரிக்கிற விஷயமில்லை. கம்பெனியில் இசக்கிக்குக் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. கையில் இருந்ததையெல்லாம் போட்டு இந்தக் காரை வாங்கிவிட்டார். குன்னூரில் ஒரு ஹோட்டலுக்கு, விருந்தாளிகளைச் சுற்றிக்காட்டப் பழைய கார் ஒன்று டிரைவரோடு தேவை. திங்கட்கிழமை ஓட்டிப் பார்ப்பார்களாம். மலைப் பனியில் முன்கண்ணாடி மூடிக்கொண்டால் வளைவு தெரியாது. ஹீட்டர் காற்று அடித்தால்தான் கண்ணாடி தெளியும். இதை மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு இசக்கி சொன்னார்: "சுவிட்சு ஓடுனா நான் டிரைவரு. ஓடலன்னா ரூம்ல சும்மா கெடக்கேன், அம்புட்டுதான்."

ஆலோசனைக் கமிட்டி

எங்கள் ஏரியாவில் ஒரு தொல்லை. கல்லை விட்டெறிந்தால் கார் பார்ட் செய்கிறவர் தலையில்தான் விழும். சாயங்காலம் கம்பெனி பஸ் நின்றால் போதும், பாதிப்பேர் என் தோளுக்கு மேலே எட்டிப்பார்ப்பார்கள். பிரேக் செய்கிறவர் பிரேக்கைப் பற்றிப் பேசுவார், சீட் தைக்கிறவர் சீட்டைத் தடவிப் பார்ப்பார்.

அன்று வந்தவர் ஒரு கம்பெனியில் பார்ட் சரிபார்க்கும் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிற உள்ளூர்ப் பையன் தணிகாசலம். நான் கழற்றி வைத்த சுவிட்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே செம்புத் தகடு கரியாகிக் கிடந்தது. "ரிஜெக்ட்ணா, வேற போடு" என்றார். வேறு எங்கே இருக்கிறது? பழைய பார்ட் விற்கிற புதுப்பேட்டை வரைக்கும் விசாரித்தாயிற்று. இந்தச் சுவிட்சைச் செய்வதை நிறுத்தி யுகமாகிறது, இதையே பிழைக்க வைத்தால்தான் உண்டு என்றேன். தணிகாசலம் சுவிட்சைக் குழந்தையைப் போலத் திரும்ப வைத்தார். "எங்க லைன்ல செவப்பு டப்பாவுல போட்டுட்டு அடுத்த பீஸ எடுத்துக்கினு போயினே இருப்போம்ணா. நீ பாவம்."

நீலத்துக்கு நீலம்

தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கிச் சுவிட்சை மாட்டினேன். ஒயர் கொடுப்பதற்கு முன் சாப்பிடப் போனேன். அதுதான் வினை. ஜெயந்தி ஒரகடத்தில் புதுக் கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் வேலை செய்கிறவர். மின்னலாய்க் கை ஓடும். நமக்குத் தெரிந்த வேலைதானே என்று உள்ளே புகுந்து, நீலத்துக்கு நீலம், பச்சைக்குப் பச்சை என்று அழகாகச் சேர்த்துவிட்டார்.

நான் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து சுவிட்சைத் திருப்பினேன். ஹாரன் அலறியது. நிறுத்தவே இல்லை. நிழலில் படுத்திருந்த நாய் தெருமுனைக்கே ஓடிவிட்டது. நாற்பது வருஷ வண்டியில் கை வைத்த மெக்கானிக்குகள் எத்தனையோ பேர். ஒவ்வொருவரும் கையில் கிடைத்த கலரில் ஒயர் இழுத்திருக்கிறார்கள். ஹாரனுக்கும் ஒருத்தர் நீலம் இழுத்திருந்தார். ஜெயந்திக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ஒயருக்குக் கலரு எதுக்குண்ணே போடுதாவ? நம்பத்தானே போடுதாவ?"

கெட்டில் பரீட்சை

ஒவ்வொரு ஒயராக டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துச் சரியாகக் கொடுத்தோம். ஹீட்டரின் ஃபேன் முனகியது, சுற்றவில்லை. அதன் பெட்டியைத் திறந்தால் எலி ஒன்று குடும்பம் நடத்திவிட்டுப் போன கூடு. சுற்ற முடியாத ஃபேன் கரண்ட்டை இழுத்து இழுத்துத்தான் சுவிட்சைக் கருக்கியிருக்கிறது. கூட்டை அள்ளி எறிந்து, ஃபேனுக்கு எண்ணெய் விட்டு, பாரம் சுவிட்சின் மேல் விழாமல் ஒரு ரிலேவும் வைத்தேன்.

ஆனால் கண்ணாடி தெளியுமா என்று எப்படிப் பார்ப்பது? ஸ்ரீபெரும்புதூரில் மே மாசத்தில் பனிக்கு எங்கே போவது? கன்னியப்பன்தான் வழி சொன்னார். காலையில் வெயில் ஏறுவதற்குள் நானும் இசக்கியும் எஞ்சினை ஓடவிட்டு முன்சீட்டில் உட்கார, கொதிக்கிற கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. இசக்கி சுவிட்சைத் திருப்பினார். கீழே ஒரு கீற்று தெளிந்தது, பிறகு பாதி, பிறகு முழுசாக. எதிரே நின்றிருந்த ஜெயந்தி கண்ணாடி வழியாகத் தெரிந்தார். அழுதுகொண்டிருந்தார். கன்னியப்பன் தொப்பலாக நனைந்து இறங்கினார். "யோவ், இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா என்னையே வடிகட்டியிருக்கலாம்யா!"

குன்னூர் போன்

திங்கட்கிழமை ஒரு வேலையும் ஓடவில்லை. மத்தியானம் போன் வந்தது, ஜெயந்திதான். மலையெல்லாம் பனியாம். முன்னால் போன வண்டிகள் ஓரம் கட்டிவிட்டனவாம். பக்கத்து சீட்டில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்த ஹோட்டல் மேனேஜர் வழியிலேயே இரண்டையும் கழற்றிவிட்டாராம். வேலை என்ன ஆச்சு என்று கத்தினேன். "நாளையிலேருந்து வரச் சொல்லிட்டாவண்ணே! ஆனா உள்ள வேர்த்து ஊத்துது, ஹீட்டரக் கொஞ்சம் கொறைக்கணுமாம்!"

வண்டிக்குள்ளே வேர்க்கிறது என்று ஒரு கஸ்டமர் போன் செய்து, நான் கடை வாசலில் நின்று துள்ளிக் குதித்தது இந்தத் தொழிலில் அந்த ஒரு தடவைதான்.