நனையாத பலகை

தச்சு மேஸ்திரி றோலண்ட் பாஸுக்கு மழையில் வேலை செய்யும் கிறுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழுக்குப் பிறகுதான் பிடித்தது. கூரையில் மழை விழுந்தால் போதும், "யாரோ கூப்பிடுறாங்க நானா" என்று எழும்பி லொறியில் ஏறிவிடுவார். அதற்கு முன்பு, வானம் இருண்டாலே தறப்பாளை இழுத்து மூடிவிட்டு ஜெபமாலையோடு உட்காருகிற ஆள் அவர். அவருக்கு லொறி ஓட்டியவன் நான், தலவாக்கலை நஸார்; முஸ்லிம் அண்ணன் என்பதால் எல்லோருக்கும் 'நானா'.

அந்த வருடக் கடைசியில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டிருந்தது. அதிலிருந்த பன்னிரண்டு குடும்பங்களையும் வேறிடத்தில் குடிவைக்கக் கொழும்பிலிருந்து பன்னிரண்டு அறைகள் ரயிலில் வந்தன. சுவர், தரை, கூரை எல்லாம் அங்கேயே செய்து துண்டுகளாக அனுப்பியவை. இங்கே திருகாணி முடுக்கி நிறுத்தினால் சரி. சனங்கள் அதைப் பெட்டிக் காம்பரா என்றார்கள்.

சரிவில் ஒவ்வோர் அறையையும் தாங்கும் கால் ஒவ்வோர் உயரம். ஆகவே துண்டுகள் கலந்துவிடக் கூடாது. சுமக்கிறவன் எண்ணை மறப்பான், பெயரை மறக்கமாட்டான் என்பது பாஸின் கணக்கு. ஸ்டேஷன் கொட்டகையில் உட்கார்ந்து, குடியிருக்கப் போகிறவனின் பெயரைச் சுவருக்குச் சுவர் தாரால் எழுதினார். பன்னிரண்டாவது பெயர் செல்லசாமி.

எழுதி முடிக்கவும் மழை பிடித்தது. இரண்டாம் நாள் செல்லசாமியே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான்.

"வெடிப்பு கையகலம் ஆயிருச்சுங்க பாஸ். நனைஞ்சாலும் பரவாயில்ல, கொண்டாந்துருங்க."

"இது அமுக்குன பலகைப்பா. நனைஞ்சா ஊதிப்போயிரும். அப்புறம் கதவு சாத்தாது, நீங்கதான் என்னைய ஏசுவீங்க. ரெண்டு நாள் பொறுத்துக்க."

"நஸார் நானா, நீங்களாச்சும் சொல்லுங்க."

பாதை வழுக்கும் என்றேன். பாதையெல்லாம் வழுக்கவில்லை. எனக்கு நனைய மனமில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் மலை இறங்கி லயத்தின் கடைசிக் காம்பராவை மூடியது. புது வீட்டுக்கென்று செல்லசாமியும் மகளும் உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்களாம். அவன் மனைவி ராக்காயி கொழுந்து நிறுக்கப் போயிருந்ததால் தப்பினாள்.

அதற்கடுத்த நாள் வெயில் அடித்தது. பலகையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அந்த வெயிலைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. சில நாளில் பதினொரு அறைகளை நிறுத்திவிட்டுக் கடைசிச் சுவரைத் தூக்கியபோது அந்தப் பெயர் வந்தது. பாஸ் அதை உட்பக்கமாகத் திருப்பி முடுக்கினார். திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது.

தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆம்பள இல்லாதவளுக்குத் தனிக் காம்பரா கெடையாது. அவ கொழுந்தன் ஆண்டியப்பன் வீட்டுல ஒதுங்கிக்கட்டும். இதுல உரமூட்டை போடலாம். பேர அழிச்சிருங்க."

"கொழும்புல கம்பெனியே எழுதி அனுப்புன பேருங்க," என்றார் பாஸ். "அழிச்சா அங்க பதில் சொல்லணும். நீங்க சொல்றீங்களா?"

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யத் தவறாத மனிதர். கூசாமல் பொய் சொன்னார். கண்டாக்கு போய்விட்டார்.

சாயங்காலம் ராக்காயி ஒரு சட்டியோடு வந்தாள். எழுத்துத் தெரியாதவள். தாரைத் தொட்டுப் பார்த்து, "இதுதான் அவுக பேரா?" என்றாள். பாஸ் தலையசைத்தார்.

"பலகைக்கு ஒண்ணும் ஆகலியே பாஸ்?"

குத்திக் கேட்கவில்லை. குத்தியிருந்தால் தாங்கியிருப்போம்.

"நனைஞ்சா கெட்டுப்போயிரும்னு பாஸ் சொன்னாருன்னு அவுகதான் வந்து சொன்னாக. அதான் கேட்டேன்."

"ஒண்ணும் ஆகல தாயி."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். நன்றாகச் சாத்தியது.