தயிரில் மறைத்த இரண்டு கரண்டி எண்ணெய்

1. எண்பதுக்குப் பதினொன்று

லைட் கவுண்டர் திறந்த அன்று எண்பது தட்டுக்குச் சமைத்தேன். போனது பதினொன்று. மிச்சத்தை யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் நானும் என் ஆட்களும் இரண்டு வேளை அதையே தின்றோம். தின்றபோதுதான் தெரிந்தது, வராதவர்கள் மேல் தப்பில்லை என்று.

ஓசூரில் இன்ஜின் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் இருபத்திரண்டு வருஷம் ஹெட் குக்காக இருந்தவன் நான். ஊர் சாமல்பட்டி. கம்பெனியில் எல்லோருக்கும் நான் மாஸ்டர். ஆட்களில் பாதிப் பேருக்கு சுகர், பிரஷர் என்று ஆனபிறகு, வாரம் இரண்டு நாள் வரும் டாக்டரம்மாதான் இந்த லைட் கவுண்டரைக் கேட்டு வாங்கினார். தோல் உரித்த கோழி, வியாழக்கிழமை வான்கோழி, கறி இல்லாத நாளில் பருப்பும் கூட்டும். எண்ணெய் ஆளுக்கு ஒரு டீஸ்பூன். அதை போர்டில் எழுதி மாட்டவும் வைத்தார்.

வான்கோழி பாரூர் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து வரும். அதில் கொழுப்பு குறைவு. கொஞ்சம் அசந்தால் நார் நாராக வறண்டுவிடும். நானோ கல்யாண வீடுகளில் பிரியாணி கிண்டி வளர்ந்தவன். எண்ணெயை ஒதுக்கிவிட்டுச் சமைக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டுக் கற்றுக்கொள்ள என் திமிரும் விடவில்லை. தண்ணீரில் வேகவைத்து, மிளகுத்தூள் தூவி, இதுதான் லைட் என்று வைத்துவிட்டேன்.

கான்ட்ராக்டரின் மேனேஜர் சாயங்காலம் வந்தார். "மாஸ்டர், ஒரு மாசம் பாப்பேன். நாப்பது தட்டு போவலன்னா உங்கள டீ செக்சனுக்கு மாத்திட்டு வேற மாஸ்டர கூட்டிக்கினு வருவேன். அப்பறம் வருத்தப்படக் கூடாது" என்றார். அடுப்பில் நின்றவனை டீ போடச் சொன்னால் எப்படி இருக்கும்?

2. முனிராஜு

லைட் கவுண்டருக்குத் தினமும் முதலில் வருபவர் முனிராஜு. மெஷின் ஷாப் ஆபரேட்டர். தொரப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, பெங்களூர்ச் சொந்தத்தோடு கன்னடம், எங்களோடு தமிழ். நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தபிறகு, வீட்டில் மனைவி மஞ்சுளாம்மா எண்ணெய்ப் பாட்டிலையே கண்ணில் காட்டுவதில்லை என்பார். கம்பெனிச் சாப்பாட்டுக்கு லைட் கவுண்டரை நம்பித்தான் இருந்தார்.

ஒரு நாள் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்: "மாஸ்டர், இது கோழியா, பஞ்சா? டாக்டரம்மா என் உசுரக் காப்பாத்தச் சொன்னாங்க. நாக்க சாவடிக்கச் சொல்லலயே?"

வரிசையே சிரித்தது. அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் அந்த வேலையைச் செய்தேன். பக்கத்து அண்டாவில் எல்லோருக்கும் வைத்த குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மேலே மிதந்த எண்ணெயை இரண்டு பெரிய கரண்டி வழித்து லைட் அண்டாவில் ஊற்றினேன். முந்திரி அரைத்த விழுது கொஞ்சம் சேர்த்தேன். அதன்மேல் தயிரை ஊற்றி அடித்துக் கலக்கினால் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. இது பழைய சமையல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. குழம்பு வெளுப்பாக, லைட்டாகத்தான் தெரியும்.

முனிராஜு ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "இது மாஸ்டர் கை!" என்றார். மாதம் முடிவதற்குள் அறுபது தட்டு போனது. மேனேஜர் தோளில் தட்டினார். பிறகு தினமும் அதையே செய்தேன். கூட்டு, பருப்பு எதையும் விடவில்லை.

3. முதலுதவி அறையில்

ஆறு மாதம் கழித்து எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. முனிராஜுவுக்குக் கொழுப்பு ஏறியிருந்தது. டாக்டரம்மா மஞ்சுளாம்மாவையும் வரச்சொல்லியிருந்தார். அவர் ரோஸ் பண்ணையில் பூக்கட்டு வேலை செய்பவர். வேலையிலிருந்து அப்படியே, விரலில் முள் கீறலோடு வந்து உட்கார்ந்திருந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"மாஸ்டர், லைட் கவுண்டர்ல எண்ணெய் எவ்வளவு போடறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலைதான் போயிருக்கும். வேறொன்றும் ஆகியிருக்காது. நான் சொன்னது: "ஆளுக்கு ஒரு டீஸ்பூன் மேடம். போர்டுல எழுதினது மாதிரிதான்."

மஞ்சுளாம்மா கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டியா? ஊட்லயும் எண்ணெ இல்ல, இங்கயும் எண்ணெ இல்ல. அப்ப எங்க போயி தின்னுட்டு வர்ற? பஸ் ஸ்டாண்டு சில்லி சிக்கன் கடையா?"

"ஏமே, சத்தியமா நான் எங்கயும் தின்னல. மாஸ்டர், நீங்களே சொல்லுங்க. தினம் உங்ககிட்டதானே சாப்படறேன்?"

"ஆமாம்மா, எங்கிட்டதான் சாப்படறாரு" என்றேன்.

"மாஸ்டர் உன் பின்னாடியேவா சுத்திக்கினு இருக்காரு?" என்றார் அந்த அம்மா. கண்ணில் தண்ணீர் நின்றது. "ஸ்டென்ட் வெச்சப்ப ஆஸ்பத்திரி வாசல்ல நான் ஒக்காந்திருந்தது ஒனக்கு மறந்துபோச்சு."

முனிராஜு தலையைக் குனிந்துகொண்டார். நான் அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். ஓடிவந்தேன் என்பதுதான் சரி.

அடுத்த வாரத்திலிருந்து மஞ்சுளாம்மா பண்ணையில் கெஞ்சி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, ஷிப்ட் விடும் நேரத்துக்குக் கம்பெனி கேட்டில் வந்து நின்றார். ஐம்பது வயது தாண்டிய மனிதரை ஸ்கூல் பிள்ளை மாதிரி கூட்டிக்கொண்டு போனார். "எஸ்கார்ட் வந்தாச்சு அண்ணா" என்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள். எல்லோரையும் சிரிக்கவைத்த முனிராஜு அதன்பிறகு தட்டை நீட்டும்போது வாய் திறப்பதில்லை.

4. கற்றுக்கொண்ட சமையல்

முதலுதவி அறைக்குப் போன அன்றோடு அந்த இரண்டு கரண்டி எண்ணெயை நிறுத்தினேன். பயத்தில்தான் நிறுத்தினேன், நல்ல புத்தியில் இல்லை. ஆனால் நிறுத்தியபிறகு ருசிக்கு வழி தேடித்தானே ஆகவேண்டும்? முந்தின சாயங்காலமே வான்கோழியைத் தயிர், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் உப்பில் ஊறவைத்தேன். சின்ன வெங்காயத்தையும் தக்காளியையும் வதக்காமல் தணலில் சுட்டு அரைத்தேன். மல்லியும் மிளகும் வெறும் சட்டியில் வறுத்தேன். எலும்பை மட்டும் தனியாகக் கொதிக்கவைத்து, ஆறியதும் மேலே படியும் கொழுப்பை எடுத்துப் போட்டுவிட்டு, அந்தச் சாற்றில் மூடிபோட்டுச் சிறு தீயில் கறியை வேகவிட்டேன். நாருக்குக் குறுக்கே துண்டு போட்டால் வாயில் வறட்சி தெரியாது. கோழிக்கும் இதே கதைதான்.

நாலு வாரம் சொதப்பினேன். ஐந்தாவது வாரம் ருசி வந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவுதானா? இதற்கா ஒரு நெஞ்சுநோய்க்காரரின் தட்டில் ஆறு மாதம் எண்ணெய் ஊற்றினேன்?

அடுத்த பரிசோதனையில் முனிராஜுவுக்குக் கொழுப்பு குறைந்திருந்தது. என் எண்ணெய் ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் எல்லோரும் வேறு கணக்குப் போட்டார்கள். கேட்டில் ஆள் நின்றதும் குறைந்துவிட்டது, அப்படியென்றால் அவர் அதுவரை திருட்டுத்தனமாகத் தின்றது நிஜம். நான் திருந்தியது அவரைப் பொய்யர் என்று உறுதி செய்துவிட்டது. மஞ்சுளாம்மா என்னிடமே வந்து, "உங்க சாப்பாடும் என் காவலும் சேந்து அவரக் காப்பாத்திடுச்சு மாஸ்டர்" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

5. போன்

போன மாதம் மஞ்சுளாம்மா போன் செய்தார். நான் வேலையை விட்டு சாமல்பட்டி வந்து ஒரு வருஷம் ஆகிறது. முனிராஜுவும் ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறார். "மாஸ்டர், அந்த வான்கோழிக் கொழம்பு எப்படி வெக்கறதுன்னு சொல்லுங்க. அவுரு ஆசையா கேக்கறாரு" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் அவராகவே, "இப்பவும் அவரத் தனியா கடைக்கு வுடறதில்ல மாஸ்டர். நம்ப முடியுமா?" என்றார்.

சமையல் சொல்வதை அங்கேயே நிறுத்தினேன். "அம்மா, போன அவர்கிட்ட குடுங்க" என்றேன்.

முனிராஜு வந்தார். பக்கத்து அண்டா, இரண்டு கரண்டி, முந்திரி, தயிர், டாக்டரம்மாவிடம் சொன்ன பொய், ஒன்று விடாமல் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

கேன்டீனில் வேலை செய்யும் தம்பிகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். போர்டில் எழுதியதுதான் அண்டாவில் இருக்கவேண்டும். ருசி வரவில்லையென்றால் வரவில்லை என்று சொல்லுங்கள், வேலை போனால் போகட்டும். தப்புச் செய்துவிட்டால் அன்றைக்கே ஒத்துக்கொள்ளுங்கள். நான் ஒத்துக்கொள்ள ஏழு வருஷம் ஆனது.

முனிராஜு கடைசியில் பேசினார். குரலில் கோபம்கூட இல்லை.

"இத எங்கிட்ட எதுக்கு மாஸ்டர் சொல்றீங்க? நான் தின்னலன்னு எனக்குத் தெரியாதா? அவகிட்ட சொல்லுங்க."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க மாஸ்டர், எழுதிக்கறேன்" என்றார் மஞ்சுளாம்மா. "மொதல்ல என்ன போடணும்?"