முத்திரை குத்தும் கொம்பைலர்

இடது கையால் கடிதத்தைத் தள்ளி, வலது கையால் மையில் ஒரு குத்து, கடிதத்தில் ஒரு குத்து. டக், டக். இரண்டு கடிதங்களுக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில் மனோகரி அக்கா பென்சிலை எடுத்துப் பழைய தந்திப் படிவத்தின் பின்புறத்தில் ஒரு வரி எழுதிவிடுவார். யன்னலடியில் நிற்கிறவர் கனைத்தாலும் சரி, கதவை உடைத்தாலும் சரி, வரி முடிந்தால்தான் தலை நிமிரும்.

"பொறுங்கோ மாஸ்ரர். நான் இப்ப மனுசியில்லை, கொம்பைலர்."

பள்ளிக்கூட வாத்தியாரான நான் நாரந்தனைத் தபாற்கந்தோருக்குப் போவது பத்திரிகைகளுக்குக் கதை அனுப்ப. பிறகு அவை திரும்பி வந்துவிட்டனவா என்று பார்க்க. அப்படிப் போய்ப் போயே எனக்குக் கொம்பியூட்டர் ஞானம் வந்தது. நாம் எழுதுகிற நிரலை, அதாவது கட்டளைகளின் வரிசையை, மெசினின் பாஷைக்கு மாற்றித் தருகிறதாம் கொம்பைலர். மெசின் இருப்பதோ ஊர்காவற்றுறையில், குலசிங்கம் அண்ணை வீட்டில். வகுப்பு நடத்தலாம் என்று சிங்கப்பூரிலிருந்து அவர் கொண்டுவந்தது. படிக்க வந்த ஒரே ஆள் மனோகரி அக்கா. ஜெனரேற்றர் மண்ணெண்ணெயைத் தண்ணீராய்க் குடிப்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம். மற்ற ஆறு நாளும் மெசினின் வேலையைப் பென்சிலால் தானே செய்து, பிழை பிடித்துக்கொண்டிருப்பார்.

வயது முப்பத்தொன்பது. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அதில் தபால் பை கட்டுகிற சணல். இஞ்சித் தேத்தண்ணியை ஆறவிட்டுத்தான் குடிப்பார். ஆறவிடுகிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது, மறந்துவிடுகிறார். தபால்காரர் சிவபாதம் படலையைச் சாத்தாமல் வந்தால், "சிவபாதம், அடைப்புக்குறி மூடேல்லை" என்று உள்ளிருந்து குரல் வரும். அந்த மனிதனும் திரும்பிப் போய் மூடிவிட்டு வருவார்!

அக்கா எழுதிய நிரலும் தபால் நிரல்தான். வெளிநாட்டுக் கடிதங்களில் 'சறோஜினிதேவி, நாரந்தனை' என்று மட்டும் இருக்கும். ஊரிலே நாலு சறோஜினிதேவி. ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாய் எழுதுவார்கள். எந்த வீடு என்று கண்டுபிடிக்கிற நிரல் அது. இரண்டு கோப்பு, ஒன்றில் ஊர்ப் பட்டியல், மற்றதில் தேடுகிற வேலை. நாலு மாத உழைப்பு. இரண்டையும் சேர்த்து ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததில்லை.

கொழும்பில் ஒரு கொம்பியூட்டர் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள், அக்காவும் விண்ணப்பிக்க இருந்தார். விண்ணப்பத்தோடு, ஓடிய நிரலின் அச்சுத்தாளும் வைக்கவேண்டும். நாற்பதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். போன மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்த வெள்ளியேதான் குலசிங்கம் அண்ணை மெசினை விற்று, இரண்டு மணி வள்ளத்தில் காரைநகருக்கு ஏற்ற இருந்தார். மூன்று மணிக்குத் தபால் பை கட்டிவிடுவார்கள். பள்ளிக்கூட விடுமுறை; லீவு போட்டுவிட்டுப் போன அக்காவின் பின்னால், வேடிக்கை பார்க்க நானும் சைக்கிளில் போனேன்.

குலசிங்கம் அண்ணை வீட்டில் மெசினைக் கட்டப் பெட்டி, வைக்கோல் எல்லாம் ஆயத்தமாக இருந்தன. இரண்டு கோப்பும் தனித்தனியே ஒரு பிழையும் இல்லாமல் மெசினின் பாஷைக்கு மாறின. எனக்கே கை தட்டவேணும் போலிருந்தது. இரண்டையும் இணைக்கச் சொல்லி அக்கா மெசினுக்குக் கட்டளை கொடுத்தார். திரையில் ஒரேயொரு வரி.

"'சுத்தம்' எண்டு ஒருதரும் இல்லையாம்" என்றார் அக்கா. 'சுத்தம்' என்பது பெயர்களின் எழுத்தைச் சீராக்குகிற துண்டு. பட்டியல் கோப்பில் அவரே எழுதியது.

"பிள்ளை, மண்ணெண்ணெய்ப் போத்திலிலை அடியிலை கொஞ்சம்தான் கிடக்கு. இன்னும் ஒருக்காத்தான் ஏலும்" என்றார் குலசிங்கம் அண்ணை.

அக்கா கண்ணை மூடினார். வலது கை மேசையில் தானாகக் குத்தத் தொடங்கியது. டக், டக். "ஆள் இல்லை எண்டு கடிதம் திரும்பினால் ரெண்டு விசயந்தான் மாஸ்ரர். ஆள் உண்மையா இல்லை. இல்லாட்டி வீட்டுக்குள்ளை இருக்கிறார், வெளியிலை அவரின்ரை பேர் தெரியாது." டக், டக். சட்டென்று கண் திறந்தது. "ஐயோ! நான்தானே அவரை 'இன்லைன்' எண்டு போட்டனான்! மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க!"

"என்ன அது?"

"ஒவ்வொருக்காலும் ஆளைக் கூப்பிட்டு வேலை வாங்கினால் நேரம் போகும். கூப்பிடாதை, அவரின்ரை வேலையை அந்தந்த இடத்திலையே எழுதிவிடு எண்டு கொம்பைலருக்குச் சொல்லுறது. அது எழுதிப்போட்டுது. பிறகு அவருக்கு என்னத்துக்குத் தனி வீடு? வெளியிலை குடுக்கிற பெயர்ப் பட்டியலிலை அவரைச் சேர்க்கேல்லை. மற்றக் கோப்பு வாசலிலை நிண்டு கூப்பிடுது, ஆர் ஓம் எண்டுறது?"

"ரெண்டு கோப்பிலையும் அவரை எழுதிவிட்டால்?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ!

"கெட்டிக்காரன்! சரிதான், ஆனால் அவரை முழுக்கத் திருப்பித் தட்டி முடிக்க எண்ணெய் காணாது. அந்த ஒரு சொல்லை வெட்டினால் போதும்." வெட்டினார். ஜெனரேற்றர் இருமியது. கோப்பு மாறியது, இணைந்தது. திரையில் ஒரு பிழையும் இல்லை! கைப்பையிலிருந்து, ஒரு கிழமையாக ஆள் தெரியாமல் கிடந்த கடிதத்தை எடுத்து, அதிலிருந்த சறோஜினிதேவியின் பெயரை அப்படியே தட்டினார். அச்சு இயந்திரம் கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது: கோயில் கிணற்றடி, ஏரம்புவின் மகள். தாள் வெளியே வந்ததும் வராததுமாகத் திரை இருண்டது.

"அந்தச் சறோவோ! நாங்கள் பக்கத்துச் சுருவில் ஊர் முழுக்கத் தேடினனாங்கள்!" என்று அக்கா கூவினார். குலசிங்கம் அண்ணை வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். நான் கை தட்டியேவிட்டேன், வெட்கம் என்ன வெட்கம்.

திரும்பும்போது எதிர்க்காற்று. அக்கா சைக்கிளில் பறந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. கந்தோருக்குப் போய்ச் சேர மூன்றுக்குப் பத்து நிமிடம். உள்ளே அக்காவுக்குப் பதிலாகச் சிவபாதம் பையை வைத்துக்கொண்டு நின்றார். யன்னலடியில் அல்போன்சம்மா, மகனுக்கு அனுப்பும் பார்சலோடு. அக்கா பக்கக் கதவால் உள்ளே போகவில்லை. விண்ணப்ப உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அல்போன்சம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அக்கா, உள்ளுக்கை வாங்கோவன்" என்றார் சிவபாதம்.

"என்ரை முறை வரட்டும். பதிவுத் தபால்."

முறை வந்தது. உறையை யன்னலுக்குள் நீட்டினார். சிவபாதம் டக், டக் என்று குத்தி, பற்றுச்சீட்டை எழுதிக் கொடுத்தார். பதினெட்டு வருடமாக ஊருக்கெல்லாம் அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்த அக்கா, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அதிலிருந்த தன் பெயரை விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்தார்.