கச்சானும் கடலையும்

மூன்று வருடங்களுக்கு முன், டிசம்பர் பள்ளி விடுமுறையில், சிட்னியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில் சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்கினோம். நான், மனைவி, எட்டு வயது மகள், மூன்று பேரும்தான். அந்த இரண்டாம் நாள் காலையை நான் இன்னும் மறக்கவில்லை.

மகளுக்குக் கச்சான் ஒவ்வாது. வேர்க்கடலை என்று புத்தகத்தில் எழுதுவார்களே, அதைத்தான் நாங்கள் ஈழத்தில் கச்சான் என்போம். ஒரு துணுக்கு உள்ளே போனாலே போதும், உதடு வீங்கும், தொண்டை அடைக்கும். இரண்டு வயதில் ஒருமுறை ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்தவள். அன்றிலிருந்து சிட்னி டூங்கபியில் எங்கள் வீட்டுக்குள் கச்சான் வந்ததில்லை. பிறந்தநாள் விழா, கோயில் பிரசாதம், பள்ளிக்கூடத்து கேக் எல்லாவற்றுக்கும் முதலில் விசாரணை, பிறகுதான் வாய். "உங்கட வீட்டுக்கு வாறதெண்டால் குளிச்சுப்போட்டுத்தான் வரவேணும்" என்று நண்பர்கள் பகிடி பண்ணுவார்கள். ஒவ்வாமை வந்தால் உடனே குத்துவதற்கு, எழுதும் பேனை மாதிரி ஓர் ஊசி மருந்து எப்போதும் என் தோள்பையில் இருக்கும்.

சிங்கப்பூர் எனக்கு நன்றாகவே பிடித்துப்போனது. ரயில் நிலையப் பலகையில் தமிழ், ரயிலுக்குள் அறிவிப்பில் தமிழ். மேலேயிருந்து தமிழ் கேட்டதும் மகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை அவள். பார் பிள்ளை, ஒரு நாடே எங்கள் மொழியில் பேசுகிறது என்று நான் கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டேன். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் கவனமாகத்தான் இருந்தேன். முதல் நாள் கோழிச் சோறு வாங்கியபோது அந்தச் சீனக் கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் மூன்று தரம் கேட்டேன். போதாதென்று கைபேசியில் கச்சான் படத்தையும் காட்டினேன். அவர் அலுத்துப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மறுநாள் காலை, யாழ்ப்பாணத்துச் சொந்தங்களுக்குச் சாமான் வாங்க மனைவி கடைக்குப் போனார். நானும் மகளும் பக்கத்திலிருந்த உணவங்காடிக்குப் போனோம். வெக்கை, மின்விசிறிச் சத்தம், காப்பி விலை மறுபடியும் கூடிவிட்டது என்று யாரோ குறைப்படுகிற சத்தம். வெறும் மேசைகளில் கைதுடைக்கும் காகிதப் பொட்டலம் இருக்கும். அது இருந்தால் இடம் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தமாம். பொட்டலம் இல்லாத ஒரு மேசையைத் தேடி மகளை இருத்திவிட்டு, தோசைக் கடைக்குப் போனேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன ஓர் இளைஞர் கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது எனக்கு.

"தம்பி, சட்னியில கச்சான் போட்டிருக்கோ? பிள்ளைக்கு ஒத்துவராது."

"கச்சானா? அந்த மாதிரி எதுவும் நாங்க போடுறதில்ல சார். தேங்காயும் கடலையும்தான். காரமும் கம்மி, பாப்பா தாராளமா சாப்பிடலாம்."

தட்டை மேசையில் வைத்ததும் மகள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "அப்பா, இஸ் இட் சேஃப்?"

"ஓம் குஞ்சு, சேஃப். அவர் எங்கட ஆள்தானே, தமிழிலயே கேட்டனான்."

நாலைந்து வாய் சாப்பிட்டிருப்பாள். தொண்டை சொறிகிறது என்றாள். பிறகு இருமினாள். இருமல் நிற்கவில்லை. முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடியது. தோசை சிக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் கேட்டாகிவிட்டதே, கச்சான் இல்லையே. பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர் ஓடி வந்து முதுகில் தட்டினார். நானும் தட்டினேன். தோசைக் கடைத் தம்பி ஒரு டம்ளரில் தண்ணீரோடு வந்து நின்றார். அப்போதுதான் அவள் உதட்டைப் பார்த்தேன். அது தடித்துக்கொண்டு வந்தது.

"கச்சான் போட்டனீங்களோ? தம்பி, கச்சான், கச்சான்" என்று கத்தினேன். வேறு சொல் எதுவும் என் வாயில் வரவில்லை. பீனட் என்ற சொல்லே அந்த நேரம் மறந்துபோனது.

"இல்ல சார். சத்தியமா இல்ல சார்" என்று அவர் நடுங்கினார்.

அடுத்த மேசையில் தலையில் முக்காடிட்ட ஒரு மலாய்ப் பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டென்று எழுந்து, "கச்சாங்?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். எங்கள் தட்டிலிருந்த சட்னியை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். "திஸ் ஒன் காட் கச்சாங். பீனட்" என்றார்.

அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பையைத் திறந்து ஊசியை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தபோது தோடம்பழத்தில் குத்திப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மகள் கால்களை உதைத்தாள், எனக்குக் குத்த இடம் பிடிபடவில்லை. அந்தப் பெண் நிலத்தில் முழங்காலிட்டு மகளின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை கண்ணே என்பதுபோல மலாயில் ஏதோ சொன்னபடி இருந்தார். நான் தொடையில் குத்தினேன். மகளின் மூச்சு விசில் மாதிரி வந்தது. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், நிற்கக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது எனக்கு இருந்த பிரார்த்தனை.

யாரோ ஆம்புலன்சைக் கூப்பிட்டிருந்தார்கள். தோசைத் தம்பி கடையை அப்படியே விட்டுவிட்டு வீதிக்கு ஓடி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்லில் தோசை கருகிப் புகைந்தது.

மகளைத் தூக்குப்படுக்கையில் ஏற்றும்போது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். நீ கத்தியது எங்கள் மொழிச் சொல்தானே என்றார். மலாயில் கச்சானுக்குக் கச்சாங் என்றே பெயராம். எந்தக் கப்பலில் ஏறி அந்தச் சொல் யாழ்ப்பாணம் வந்ததோ தெரியாது. அதற்குள் ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இன்னொரு ஊசி போட்டார்கள். மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. அந்த முதல் ஊசி கொஞ்சம் பிந்தியிருந்தாலும் கஷ்டமாகியிருக்கும் என்றார் டாக்டர். மனைவி ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அழுதுகொண்டே ஒன்றை மட்டும் கேட்டார்.

"தமிழிலயோ கேட்டனீங்கள்?"

மத்தியானம் போனபின் தோசைத் தம்பி ஆஸ்பத்திரி வார்டைத் தேடி வந்துவிட்டார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். மனைவி அதுவரை, அந்தக் கடைமீது புகார் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஊர்ல எங்களுக்குக் கடலைன்னா அந்தப் பீனட்தான் சார்" என்றார் அவர். "நீங்க சொன்ன பேர நான் கேள்விப்பட்டதே இல்ல. ஏதோ மசாலான்னு நெனச்சேன். புகார் குடுக்கிறதுன்னா குடுங்க, நான் எதுவும் சொல்ல மாட்டேன். பாப்பாவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்."

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. எங்கள் ஊரில் கடலை என்றால் அவித்துத் தாளித்துக் கோயில் வாசலில் விற்பார்களே, அந்தக் கொண்டைக்கடலை. அவர் ஊரில் கடலை என்றாலே கச்சான். அவர் எனக்குத் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். தேங்காயும் கச்சானும் போட்டிருக்கிறது, பிள்ளை சாப்பிடலாம் என்று.

மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "உள்ள வந்து கதிரையில இருங்கோ தம்பி" என்றார். அந்தத் தம்பிக்குக் கதிரை என்ற சொல்லும் தெரியவில்லை. எங்கே இருப்பது என்று விழித்தார். மனைவி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டதும்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மகள் கட்டிலில் இருந்தபடி, தனக்கு இப்போது சுகம் என்று ஆங்கிலத்தில் அவருக்கு ஆறுதல் சொன்னாள். புகார் கொடுக்கும் பேச்சு பிறகு எழவில்லை.

இப்போது சிட்னியில் வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடைகளில் கச்சான், கடலை, வேர்க்கடலை, நிலக்கடலை, பீனட் என்று எல்லாப் பெயரையும் அடுக்கித்தான் கேட்கிறேன். இந்த அண்ணைக்கு என்ன நடந்தது என்று கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்று அந்தத் தம்பியும் பொய் சொல்லவில்லை, நானும் பிழையாகக் கேட்கவில்லை. இரண்டு பேரும் நல்ல தமிழில் உண்மையைத்தான் கதைத்தோம். எங்கட ஆள்தானே என்ற எண்ணத்தில் ஒருவர் சொன்னதை மற்றவர் காதில் வாங்கவில்லை. தமிழே தெரியாத ஒருத்தி வாங்கியபடியால்தான் என் பிள்ளை இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள்.