பத்துப் பேருக்குச் சோறு

ஜவுபருக்குச் சத்தியம் பண்ணுவதுதான் பெரிய வருத்தம், மாறாத நோய். சிகரெட்டெல்லாம் அதற்கு அடுத்தது.

கல்முனைப் பக்கத்தில் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் மக்கர் பண்ணினாலும் தண்ணி மோட்டர் நின்றாலும் அவருடைய கராஜுக்குத்தான் கொண்டு ஓடுவார்கள். இன்ஜின் போடும் சத்தத்தைக் கேட்டே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற கைகாரர். அந்தக் காதுக்குத் தன் நெஞ்சுக்குள் கரகரப்பது மட்டும் கேட்காது. ஐம்பத்திரண்டு வயதில், பள்ளிவாசலுக்கு நடந்து போகும்போது பாதி வழியில் யாருடைய மதிலையாவது பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியும் ஆகிவிட்டது. மனிதர் கேட்டால்தானே?

கேட்கவில்லை என்று ஒரேயடியாகச் சொல்வதும் பாவம். விட வேண்டுமென்ற ஆசை அவருக்கு நிறையவே இருந்தது. ஆசை வரும்போதெல்லாம் அல்லாஹ்வின் மேல் சத்தியம் பண்ணிவிடுவார், அதுதான் கோளாறு. மகள் றஸ்னாவின் கலியாணத்தன்று முதல் சத்தியம். பன்னிரண்டாம் நாள் வயலுக்குப் போனால், பக்கத்து வயல்காரர் காரைதீவுச் செல்லத்தம்பி வரம்பில் உட்கார்ந்து ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார். மரியாதைக்குத்தான் ஜவுபர் பக்கத்தில் குந்தினார். மரியாதை அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லவும் வேண்டுமா?

ஆனால் ஒளிக்கத் தெரியாத ஆள். நேரே வீட்டுக்கு வந்து மனைவி பஸ்மினாவிடம் சொல்லிவிட்டார். அவள் சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறித்த சத்தியத்துக்கு என்ன செய்வதென்றுதான் கேட்டாள். ஏழைகள் பத்துப் பேருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், அதற்கு வசதியில்லாதவன் மூன்று நோன்பு பிடிக்கலாம் என்று பள்ளி மௌலவி சொன்னார். ஜவுபர் மெல்ல நோன்புப் பக்கம் சாய்ந்து பார்த்தார். அறைக்குள் நெல் மூட்டை கிடக்கிற வீட்டில் அந்தச் சாட்டுச் செல்லாது என்றாள் பஸ்மினா. வீடும் அவளுடைய சீதனம், வயலும் அவளுடைய சீதனம். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் சமைத்தாள். சோறு, இறைச்சி ஆணம், பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. பத்துப் பொதிகளையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் அவர் கொடுத்துவிட்டு வந்தார். முதல் பொதி எப்போதும் கடற்கரையோரம் தனியாக இருக்கிற கிழவர் மீராசாக் காக்காவுக்கு.

மூன்று வருடத்தில் ஏழு சத்தியம், ஏழு சமையல். விஷயம் ஊரில் பரவி, ஜும்ஆ முடிந்து வரும்போது மீராசாக் காக்காவே அவரை மறித்து, இந்த மாதம் ஒன்றும் முறியவில்லையா என்று கேட்டுச் சிரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஜவுபரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

எட்டாவது சத்தியம் முறிந்தபோது பஸ்மினா சிக்குன்குனியாவில் கிடந்து எழும்பியிருந்தாள். காய்ச்சல் போனாலும் மூட்டு வீக்கம் போகவில்லை. மறந்துவிட்டு வந்த சாவியை எடுக்கக் காலையில் வீட்டுக்கு வந்த ஜவுபர், குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அவள் பத்துப் பேர் சமையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். விரல் மடங்காததால் தேங்காய்ப் பாதியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். கண்ணால் நீர் வழிந்துகொண்டிருந்தது.

எழும்பச் சொன்னார். கடையில் பத்துப் பார்சல் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றார். நம் வீட்டில் தின்கிற சாப்பாட்டைத்தானே கொடுக்கச் சொல்லியிருக்கிறது என்றாள் அவள். சரி, நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

பஸ்மினா தலை நிமிராமல் சொன்னாள்: "நாளைக்கிடையில ஒங்களுக்கு ஒண்டு ஆகிட்டா? சிகரெட்டால மவுத்தாகினா நான் அழுதிட்டு இரிப்பன் மச்சான், அது இந்த உலகத்தோட போயிரும். அங்க போய் இந்தச் சத்தியத்தோட நீங்க தனிய நிக்கிறத்த மட்டும் என்னால நினைக்க ஏலாம கிடக்கு."

ஜவுபர் அவளுடைய கைகளைப் பார்த்தார். சத்தியம்தான் தன்னைப் பிடித்து நிறுத்தும் என்று மூன்று வருடமாக நம்பியிருந்தாரே, அது எவ்வளவு பெரிய பொய்? முறிந்தால் பத்துப் பேருக்குச் சோறு என்று அவர் லேசாகிவிட்டார். பாரம் முழுக்க இந்த இரண்டு கைகளில் இறங்கியிருந்தது. வெட்கத்தில் அவர் வாய் பழைய பழக்கத்துக்கே போனது.

"வல்லாஹி, இனிமே..."

தேங்காய்ப் பூ ஒட்டிய வீங்கின கையால் அவள் எட்டி அவருடைய வாயைப் பொத்தினாள். "சத்தியம் வேணாம். விட்டா விடுங்க, விடாட்டிப் போங்க. சத்தியம் மட்டும் பண்ணாதீங்க."

அவர் பண்ணவில்லை. அவளைத் தூக்கிக் கதிரையில் இருத்திவிட்டு, தானே துருவக் குந்தினார். சிரட்டையும் சேர்ந்து துருவப்பட்டு, பூ கறுப்புக் கறுப்பாக விழுந்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் சமைத்தார். அன்றைய ஆணத்தில் உப்பு இருந்த இருப்புக்கு, வாங்கித் தின்ற பத்துப் பேருக்கும் தனியாக ஒரு பரிகாரம் செய்திருக்க வேண்டும்.

அதன் பிறகு வீட்டில் சிகரெட்டைப் பற்றிய பேச்சே இல்லை. செல்லத்தம்பியிடம் மட்டும், தன் பக்கத்தில் பற்றவைக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அந்த மனிதரும் நல்லவர், நாலு வரம்பு தள்ளிப் போய்க் குடித்துவிட்டு வருவார். கை பரபரக்கிற காலை நேரத்தில் ஜவுபர் வீட்டுக்குத் தேங்காய் துருவினார். ஒரே ஒரு தடவை, கராஜின் பின்னால் நின்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். முறிக்கச் சத்தியம் இல்லை, கழுவப் பரிகாரமும் இல்லை. அந்த ஒரு இழுப்பை என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று நாள் தவித்தார். பிறகு தொடவில்லை.

ஒரு வருடமும் நாலு மாதமும் ஆனது. பஸ்மினாவின் கையும் தேறிவிட்டது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பத்துப் பேருக்குச் சமைப்போமா என்று அவரே கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு அடுப்பை மூட்டினாள், அவர் தேங்காய் துருவினார். ஒரு துளி கறுப்பு விழவில்லை.

மீராசாக் காக்கா பொதியை வாங்கினார், ஆனால் அவிழ்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். எப்போதும் முதலில் பகிடியும் சிரிப்பும்தான் வரும், அன்றைக்கு வரவில்லை.

"மறுகாவும் முறிச்சிட்டியா தம்பி? நான் ஒவ்வொரு தரமும் துஆக் கேட்டுட்டுத்தான் தின்னுற, இது கடைசிப் பொதியா இரிக்கணும் எண்டு."

 ஜவுபர் காக்காவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"ஒண்டும் முறியல்ல காக்கா. இது சும்மா."

கிழவர் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பொதியை அவிழ்த்தார்.

"அப்ப இண்டைக்கு நிம்மதியாத் தின்னலாம்" என்றார்.