இறுவட்டு இல்லாத கொம்பியூட்டர்

அண்ணன் வீட்டைவிட்டுப் போன அந்த வருசத்து மாரி மழையில்தான் எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் நின்றுபோனது. சுவிட்சைத் தட்டினால் மொனிட்டர் எரியும், பெட்டிக்குள் காற்றாடி சுற்றும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் சில வரி ஆங்கிலம் வந்து அப்படியே நிற்கும். வகுப்பில் ஆங்கிலத்துக்குக் கூடுதலான புள்ளி எடுக்கிறவள் என்ற பெயர் எனக்கு இருந்தது. அதனால் அதை வாசித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"ஒரு பைலக் காணல்லயாம். இல்லாட்டி அது பழுதாப் போயித்தாம். முதல் போட்ட சீடி இருந்தாத் திருத்தலாமாம்."

"காணல்லயா, பழுதாப் போயித்தா? ரெண்டில எது?" என்று அம்மா கேட்டாள்.

"அது தெரியாதாம்."

"தெரியாமலா இவ்வளவு எழுதிக் கிடக்கு?" என்று சொல்லிவிட்டு அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது.

அந்த முதல் போட்ட இறுவட்டு எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. அண்ணன் களுவாஞ்சிக்குடியில் கொம்பியூட்டர் படித்த காலத்தில், கூடப் படித்த ஒருவனோடு சேர்ந்து, பழைய உறுப்புகளைத் தேடிப் பொறுக்கி அதைப் பூட்டினான். உள்ளே போட வேண்டியதையெல்லாம் போட்டது அந்தச் சினேகிதனின் இறுவட்டில் இருந்துதான். அவன் வீட்டில் போய்க் கேட்கலாம் என்றால் அவனும் இல்லை. இறுவட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்த இரண்டு பேரும் ஒரே படகில் போயிருந்தார்கள்.

வாழைச்சேனையில் ஐஸ் போடும் இடத்தில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லித்தான் அண்ணன் புறப்பட்டான். தோளில் ஒரு பையும் கையில் சாப்பாட்டுப் பார்சலும். பாதைவரைக்கும் நானும் அம்மாவும் போனோம். மண்டூரிலிருந்து வாவியைக் கடந்து மறுகரைக்குப் போகிற மிதவையைப் பாதை என்றுதான் நாங்கள் சொல்லுவோம். அண்ணன் அதில் ஏறி, சைக்கிள்களுக்கும் கோழிக்கூடுகளுக்கும் நடுவில் நின்று கையைக் காட்டினான். அவன் ஏறியது மீன்பிடி வள்ளம் என்பதும், அது அவுஸ்திரேலியாவுக்கென்று புறப்பட்டது என்பதும் பிறகு ஊர் வாயால் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் வந்து சேரவில்லை.

அந்தக் கொம்பியூட்டரில் அண்ணன் ஒரு வேலை செய்து வைத்திருந்தான். திறந்தவுடன் வழக்கமாக வருகிற இசையை எடுத்துவிட்டுத் தன் குரலைப் பதிந்து போட்டிருந்தான். "அம்மா, நான் வந்துட்டன்!" என்று பெட்டி சத்தம் போடும். முதல் நாள் அம்மா அதைக் கேட்டு அடுப்படியில் அவனுக்குச் சோறு போட்டு, கோப்பையோடு வெளியே வந்து பார்த்தால் அவன் அறைக்குள் கட்டிலில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தான். அகப்பையால் ஓர் அடியும் வாங்கினான்.

அண்ணன் போன பிறகு, அதுவரை தூசு தட்டக்கூடக் கிட்டப் போகாத அம்மா, அதைத் திறக்கப் பழகிக்கொண்டாள். அவன் வழக்கமாக வீட்டுக்கு வருகிற பின்னேரத்தில் போய்ச் சுவிட்சைத் தட்டுவாள். அது சத்தம் போடும்வரை கதிரையில் இருப்பாள். பிறகு எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்கு அதில் பெரிய பெருமை. எங்கள் அம்மா கொம்பியூட்டர் படிக்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்.

அவளுக்குத் திறக்கத்தான் தெரியும், மூட மாட்டாள். முறைப்படி மூட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுப்போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எப்படி மூடுவது என்று கையைப் பிடித்துக் காட்டப் போனால் இழுத்துக்கொள்வாள். "எனக்கு அது விளங்காது புள்ள" என்பாள். கடைசியில், படுக்கப் போகும்போது அப்பா வந்து சுவரில் இருக்கிற சுவிட்சை அமத்திவிட்டுப் போவார். ஒவ்வொரு நாளும் இப்படி உயிரை வெடுக்கென்று பிடுங்கினால் எது தாங்கும்? ஒருநாள் அது எழும்பவில்லை.

அப்பா சந்தியில் இருந்த கடைக்காரரைக் கூட்டிவந்தார். அவர் ஒரு தரம் திறந்து பார்த்தார், திரையில் இருந்ததை முழுவதும் வாசிக்கக்கூட இல்லை.

"சீடி இருக்கா?"

"இல்ல தம்பி."

"அப்ப போமற் பண்ணித்து என்ட சீடியப் போடுவம்."

"போமற் எண்டா?" என்று அம்மா கதவடியில் நின்று கேட்டாள்.

"உள்ளுக்க இருக்கிறதெல்லாம் துடைச்சித்துப் புதுசாப் போடுறது. படம் கிடம் இருந்தா முதல்ல எடுத்துத் தருவன்."

"எல்லாம் எண்டா, சத்தமும் போகுமா?"

கடைக்காரருக்கு விளங்கவில்லை. "புதுசா நல்ல சத்தம் வரும் அக்கா" என்றார்.

அம்மா பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது அப்பா மெதுவாக மச்சாளின் பேச்சை எடுத்தார். மச்சாள் அப்பாவின் தங்கச்சி மகள். வாவிக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு. அண்ணனோடு படித்தவள், பிறகு படித்த இடத்திலேயே படிப்பிக்கவும் சேர்ந்திருந்தாள். அவளுக்கும் அண்ணனுக்கும் என்று இரண்டு வீட்டிலும் பேசாமலே பேசி வைத்திருந்த ஒரு விசயம் இருந்தது. அதனால்தான் அம்மாவுக்கு அவள் பெயரே ஆகாமல் போனது. கலியாணத்துக்குமுன் கை நிறையச் சம்பாதிக்க வேண்டும் என்று அவள் ஏற்றிவிட்டுத்தான் அவன் கடலில் இறங்கினான் என்று யாரோ சொல்ல, அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். மாமி வீட்டுப் பக்கம் போவதையும் நிறுத்தியிருந்தாள்.

"அவள்ட கை இதில படக் கூடாது" என்றாள் அம்மா.

"அப்ப அது அப்பிடியே கிடக்கட்டும்" என்று அப்பா கையைக் கழுவினார்.

சில பின்னேரங்கள் அது அப்படியே கிடந்தது. அம்மா போய்ச் சுவிட்சைத் தட்டுவாள், கறுப்புத் திரைக்கு முன் இருப்பாள், எழும்பாமல் இருந்துகொண்டே இருப்பாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணக்கும். பிறகு ஒருநாள் அப்பா வட்டையில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகாமல் பாதையேறிப் போய் மச்சாளைக் கூட்டிவந்தார். அம்மா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மச்சாள் திரையில் இருந்ததை ஆறுதலாக, கடைசி வரிவரை வாசித்தாள். "துடைக்கத் தேவல்ல, மாமி. ஆனா இஞ்ச வெச்சுச் செய்யேலாது. எங்கட இடத்துக் கொம்பியூட்டரோட கொழுவிப் பாக்கணும்."

"நானும் வருவன்" என்றாள் அம்மா.

அடுத்த நாள் பெட்டியைப் படுக்கைச் சீலையில் சுற்றிக்கொண்டு பாதையில் ஏறினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. வாவி கலங்கிச் சேற்று நிறத்தில் கிடந்தது. கீழே வையுங்கள் என்று மச்சாள் சொல்லியும் கேட்காமல் அம்மா அதை மறுகரைவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன். ஒருவரும் என்னைத் தாண்டி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மச்சாள் படிப்பிக்கிற இடத்தில் அன்றைக்கு வகுப்பு இல்லை. அவள் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த வன்தட்டை எடுத்து, அங்கிருந்த வேறொரு கொம்பியூட்டரில் கொழுவினாள். அண்ணன் வைத்திருந்த ஒவ்வொன்றும் அந்நிய மொனிட்டரில் வரிசையாக வந்தது. அம்மா கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டாள்.

"இது தன்ட முக்கியமான பைலயெல்லாம் இடைக்கிடை ஒரு கொப்பி எடுத்து உள்ளுக்க ஒளிச்சு வெச்சிருக்கும். கெட்டுப்போனதக் கழட்டித்து, நல்லா இருந்த நாளில எடுத்தத அந்த இடத்தில வெச்சா எழும்பிரும். சீடி தேவல்ல" என்றாள் மச்சாள். என்னிடம் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

"நல்லா இருந்த நாள் எண்டா எந்த நாள்?" அம்மா முதல்முறையாக அவளோடு நேரே கதைத்தாள்.

மச்சாள் திரையில் இருந்த திகதிகளைப் பார்த்தாள். "போன கிழமையில ஒண்டு இருக்கு. அவர் போறத்துக்கு முந்தியும் ஒண்டு இருக்கு. ரெண்டும் சரி வரும்."

"முந்தினத வை."

மச்சாள் முந்தியதை எடுத்து வைத்தாள். வன்தட்டைத் திரும்பப் பெட்டியில் பூட்டித் திறந்தபோது கறுப்புத் திரை போய், அண்ணன் வைத்திருந்த நீலக் கடல் படம் வந்தது. நான் கையைத் தட்டினேன். அங்கே ஸ்பீக்கர் இருக்கவில்லை. சத்தம் வராததால் அம்மா நம்பவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துத்தான் சொல்லுவன் என்றாள். ஆகவே மச்சாளும் எங்களோடு திரும்பிப் பாதையேறினாள்.

வீட்டில் எல்லா வயரையும் கொழுவி மச்சாள் சுவிட்சைத் தட்டினாள். "அம்மா, நான் வந்துட்டன்!" கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா வாளியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

"மாமி, இனிச் சுவரில அமத்தக் கூடாது. இந்தக் கொப்பியும் போனா மறுகா ஒண்டும் செய்யேலாது. இப்பிடித்தான் மூடணும்" என்று சொல்லி மச்சாள் முறைப்படி மூடிக் காட்டினாள். அப்போது பெட்டி இன்னொரு தரம் கதைத்தது. மூடும்போதும் ஒரு குரலை அண்ணன் போட்டு வைத்திருந்தான். ஒருவரும் ஒழுங்காக மூடாததால் நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"போயித்து வாறன், அம்மா."

அம்மா எழும்பி விறுவிறு என்று அடுப்படிக்குள் போனாள். சட்டி பானை அடிபடுகிற சத்தம் கேட்டது. மச்சாள் இருந்த இடத்தில் அப்படியே இருந்தாள். திரை அணைந்த பிறகும் மவுஸில் வைத்த கையை எடுக்கவில்லை.

"எனக்கு அவர் இதக்கூடச் சொல்லல்ல, மாமி" என்றாள்.

அடுப்படிச் சத்தம் நின்றது. அம்மா கதவடிக்கு வந்தாள்.

"உனக்குத் தெரியாதா அவன் போறது?"

"வாழைச்சேனைக்கு எண்டுதான் நானும் கேள்விப்பட்டன். அதுவும் ஆரோ வந்து சொல்லித்தான். படகுக் கதை ஊரெல்லாம் தெரிஞ்ச பிறகுதான் எனக்குத் தெரியும்."

அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "புள்ள, ஓடிப் போய்ச் சீனி வாங்கித்து வா" என்றாள்.

"சீனி இருக்கேம்மா."

"போ எண்டாப் போ, புள்ள."

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் வந்தேன். திரும்பி வந்தபோது கொம்பியூட்டர் மீண்டும் திறந்திருந்தது. அதில் மச்சாளின் பென் டிரைவ் கொழுவி, சின்ன வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது. அம்மா அவளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். இருவரின் முகமும் அழுத முகமாக இருந்தது. சீனிப் பையை நீட்டினேன், ஒருவரும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு பின்னேரமும் கொம்பியூட்டரைத் திறந்தாள், அண்ணன் குரலைக் கேட்டாள், பிறகு தன் கையாலேயே ஒழுங்காக மூடினாள். நான் படிப்பித்தது ஒருவழியாக மண்டையில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். மூடும்போது ஒரு சத்தமும் வரவில்லை என்பதைக் கவனிக்க எனக்குச் சில நாள் பிடித்தது. உள்ளே போய்த் தேடினேன். வந்துட்டன் என்கிற பைல் இருந்தது, போயித்து வாறன் என்கிற பைல் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் கேளாதவர்போல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வட்டைக்குப் போனார்.

மச்சாள் அடுத்தமுறை வந்தபோது நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "நீங்க ஒழுங்காத் திருத்தல்ல. அண்ணன்ட ஒரு பைலத் துலைச்சுப் போட்டீங்க."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "ஓம்கா. அது ஒண்டு பழுதாப் போயித்து. எனக்கு எடுக்கேலாமப் போச்சு."

அம்மா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். எனக்குச் சார்பாக ஒரு சொல் சொல்வாள் என்று பார்த்தேன். "வா புள்ள, சாப்பிடுவம்" என்று அவளைத்தான் கூப்பிட்டாள். அன்றைக்கு வாவி மீன் குழம்பு. மீனில் சினை இருந்தால் அது அண்ணனுக்குத்தான் போகும். அவன் போன பிறகு என் கோப்பைக்கு வரத் தொடங்கியிருந்தது. அம்மா சட்டியைக் கிண்டிச் சினையை எடுத்து மச்சாளின் சோற்றில் வைத்தாள். மச்சாள் வேண்டாம் என்று கையை மறித்தாள். அம்மா அந்தக் கையை ஒதுக்கிவிட்டு வைத்தாள்.

அந்தப் படகில் போனவர்களைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. போயித்து வாறன் என்ற அந்தக் குரல் தொலையவில்லை, அம்மா கொடுத்து மச்சாள் கொண்டுபோனாள் என்பதெல்லாம் நான் வளர்ந்து, நானும் ஒருவரிடம் சொல்லாமல் பிரிய நேர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டு அதை வாயாலேயே ஒப்புக்கொண்ட ஒருத்திக்குச் சினை, ஆங்கிலத்தை வாசித்துச் சொன்ன எனக்கு வெறும் முள். பாதிச் சோற்றோடு எழும்பி, கோப்பையை வேண்டுமென்றே சத்தம் வர வைத்துவிட்டு வெளியே போனேன். யாராவது கூப்பிடுவார்கள் என்று வேலியடியில் நின்றேன். உள்ளே இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.